எழுபத்தொன்பது சதவீதம்

அந்த ஓட்டையில சொருகாதீங்க தம்பி. சொன்னாக் கேளுங்க. சீட்டுக்குச் சீட்டு சார்ஜ் போட இடம் வச்சிருக்கான் பாருங்க, எதுக்கு வச்சிருக்கான்? நம்ம மேல இருக்கிற பிரியத்துலயா? முப்பத்து நாலு வருசம் பஸ்ஸுலயே குப்பை கொட்டினவன் நான். பதினெட்டு வருசம் கண்டக்டர், பதினாறு வருசம் செக்கிங் இன்ஸ்பெக்டர். எங்க காலத்துல ஜன்னல் கண்ணாடி ஒடைஞ்சா மாத்தித் தர ஆறு மாசம் ஆகும். இப்ப கேக்காமலே கரண்டு குடுக்கிறான். கேக்காமக் குடுக்கிறவனைத்தான் முதல்ல கவனிக்கணும்னு நான் சொல்லுவேன்.

ஓ, பவர் பேங்க் கையோட வச்சிருக்கீங்களா. உங்க சொந்தப் பெட்டின்னா சரிதான், போடுங்க. எனக்கா? வேண்டாம் வேண்டாம். என் போன் செத்து நாலு நாளாச்சு. அதுக்கு இனிமே எந்தக் கரண்டும் ஏறாது. ஆமா, எங்கிட்ட போன் இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்? சட்டைப்பையில துணியோட வச்சிருக்கேனே, அதைப் பார்த்தா? சரி. கண்ணு நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு.

நீங்க மருந்துக் கம்பெனி ரெப் தானே? பேக்கைப் பார்த்தாலே நான் சொல்லிருவேன். இல்லையா? பள்ளிக்கூட வாத்தியாரா? சரி, நீங்க சொல்றீங்க, கேட்டுக்கிறேன். பேக் என்னமோ ரெப் பேக் மாதிரிதான் இருக்கு.

நான் ராமேஸ்வரம் போறேன். மதுரையில எறங்கி வேற வண்டி மாறணும். சும்மாதான், ஒரு முழுக்குப் போட்டுட்டு வரலாம்னு. பட்டு வேட்டியா? வீட்டுல துவைச்சு இருந்தது இது ஒண்ணுதான். பொண்டாட்டி ஊர்ல இல்லை. பையில என்னவா? ஒரு புடவைதான். மாம்பழக் கலர், அரக்குக் கரை. யாராவது இல்லாதப்பட்டவங்களுக்குக் கடற்கரையில தானம் பண்ணிரலாம்னு எடுத்துட்டு வந்தேன். ஆறு மணி நேரம் கடையில உக்காந்து எடுத்த புடவை, வீட்டுல சும்மா கிடக்கு.

சரி, ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு. இன்னைக்கு என் அக்கா மகளுக்குக் கல்யாணம். உத்தமபாளையத்துல. பத்தரைக்கு மேல பன்னெண்டுக்குள்ள முகூர்த்தம். பத்திரிகையை நான் பிரிச்சுக்கூடப் பார்க்கலை, மண்டபத்து மாடியில சாப்பாடு, ஆயிரம் இலை. நான் பொண்ணுக்குத் தாய்மாமன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் மணவறையில உக்கார வைக்க வேண்டியவன். அந்த ஆளு இந்நேரம் மதுரை பஸ்ஸுல உங்க பக்கத்துல உக்காந்திருக்கான்னா, என்ன நடந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

கூப்பிடலை தம்பி. ஒரு போன் பண்ணலை. வினோதினின்னு பேரு. நான் வச்ச பேரு. ஒரு வார்த்தை, "மாமா வாங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை. இல்லை.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு போன்தான். சிரிக்காதீங்க.

ரிட்டயர் ஆன பிறகு எனக்கு ஒரு போன் வாங்கணும்னு ஆச்சு. பட்டன் போன் கெட்டுப்போச்சு. ஆண்ட்ராய்டு வாங்குறதா ஆப்பிள் வாங்குறதான்னு மூணு மாசம் அலைஞ்சேன். யாரைக் கேட்டாலும் அவனவன் கையில வச்சிருக்கிறதைத்தான் ஒசத்தியாச் சொல்றான். ஆண்ட்ராய்டு வச்சிருக்கிறவன், "எந்த ஒயரும் சேரும், யாருக்கும் அடிமை இல்லை"ங்கிறான். ஆப்பிள் வச்சிருக்கிறவன், "பூட்டு பலமா இருக்கும், ஒரு பய உள்ள வர முடியாது"ங்கிறான். இவனுக்கெல்லாம் இதைச் சொல்லச் சொல்லி யாரு சொன்னது? கடைசியில பூட்டுதான் பெரிசுன்னு முடிவு பண்ணி ஆப்பிள் வாங்கினேன். பழசுதான். புதுசுக்கு நான் எங்க போறது.

தேனியில அந்தப் பழைய போன் கடைக்காரர்தான் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவரு. "ஐயா, வெளிய பளபளன்னு இருக்கிறதைப் பார்த்து ஏமாறாதீங்க. செட்டிங்ஸ்ல பேட்டரின்னு ஒரு இடம் இருக்கு, அதுல ஹெல்த்துன்னு போட்டு ஒரு நம்பர் வரும். நூறுன்னா புதுசு. குறையக் குறைய அடிபட்ட வண்டி"ன்னாரு. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு தம்பி. முப்பத்து நாலு வருசம் மனுசன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சிருக்கேன், டிக்கெட் எடுத்தவன் எவன், எடுக்காதவன் எவன்னு. இங்க என்னடான்னா நம்பராவே போட்டுக் காட்டுறான். என்னுது அன்னைக்குத் தொண்ணூறு.

அதுலருந்து யார் வந்தாலும் ஒரு தடவை போனை வாங்கிப் பார்த்துருவேன். மாடி வீட்டுக்கு வாடகை கேட்டு வந்தவனோடதைப் பார்த்தேன். எண்பத்தி நாலு. ஆறு மாசம்தான் ஆச்சுன்னான் அவன் வாங்கி. வீடு இல்லைன்னு அனுப்பிட்டேன். எல்.ஐ.சி. போடச் சொல்லி வந்த ஆளு காட்ட மாட்டேன்னுட்டான். அதுலயே தெரியுதில்ல?

இப்ப மாப்பிள்ளை கதைக்கு வாரேன்.

பையன் பேரு சிவபாலன். கம்பத்துக்காரன். பயிர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வயல் வயலாப் போய்ப் போட்டோ எடுக்கிற வேலை. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பைக்கை எடுத்தா சாயங்காலம் வரைக்கும் வரப்புதான். போன்ல மேப்பைப் போட்டு வண்டி முன்னாடி மாட்டிக்கிட்டே சுத்துவானாம். தை மாசம் பொண்ணு பார்க்க வந்தாங்க. அப்பா அம்மா அவன், மூணு பேருதான். ரொம்பக் கம்மியா வந்திருக்காங்களேன்னு அப்பவே எனக்குச் சுருக்குன்னு இருந்தது. கூட்டமா வந்திருந்தாலும் சுருக்குன்னுதான் இருந்திருக்கும், அது வேற.

எங்க மச்சான், அதாவது பொண்ணோட அப்பா, வாயில்லாப் பூச்சி. அவரு பஜ்ஜித் தட்டை எடுத்துக் குடுக்கிறதோட சரி. விசாரிக்க வேண்டியது யாரு? நான்தான். நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்து பையனையே பார்த்துட்டு இருக்கேன். உக்காந்த உடனே சட்டைப்பையில இருந்து ஒரு போனை எடுத்து வைக்கிறான். பேன்ட் பையில இருந்து இன்னொண்ணு. ஒண்ணு ஆப்பிள், ஒண்ணு ஆண்ட்ராய்டு. எதுக்குத் தம்பி ரெண்டுன்னேன். ஆபீஸ் வேலைக்கு அவுக குடுத்தது ஆண்ட்ராய்டு மாமா, ஆப்பிள் என்னுதுன்னான். ரெண்டு டிக்கெட் வச்சிருக்கிற பயணியை நான் என்னைக்குமே விட்டதில்லை தம்பி. ஒண்ணு நேத்து டிக்கெட்டா இருக்கும்.

அப்புறம் பாருங்க, சார்ஜ் போட்டுக்கலாமான்னு கேட்டு ஆப்பிளைச் சொவத்துல மாட்டினான். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுப் போய்க் கழட்டுறான். எட்டிப் பார்த்தா எண்பதுதான் ஏறியிருக்கு. ஏன் அதுக்குள்ளன்னா, முழுசா ஏத்தாம எண்பதோட எடுத்துட்டா பேட்டரிக்கு நல்லதுங்கிறான். பாதியில எந்திரிச்சு வர்ற பழக்கம். இவன்கிட்ட ஒரு பொண்ணைக் குடுத்தா என்ன ஆகும்? நான் இதைச் சொன்னப்ப என் பொண்டாட்டி சரோஜா தலையில அடிச்சுக்கிட்டா.

அவன் புது வீட்டுப் போட்டோவைக் காட்டுறேன்னு அந்தப் போனை எங்கிட்டக் குடுத்தான். தானா வந்து மாட்டினான். எப்ப வாங்கினது மாப்பிள்ளைன்னு சாதாரணமாக் கேட்டேன். போன வருசம், புதுசு மாமான்னான். நான் போட்டோவை விட்டுட்டு நேரா செட்டிங்ஸுக்குப் போயிட்டேன். எம்புட்டு இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? எழுபத்தொன்பது.

அப்படியே எந்திரிச்சு நின்னேன். கூடத்துல எல்லாரும் இருக்காங்க. வினோதினி காபித் தட்டோட வந்து நிக்கிறா. "எழுபத்தொன்பது"ன்னேன். யாருக்கும் புரியலை. "ஒரு வருசப் போன்ல எழுபத்தொன்பது எப்படி வரும்? போன் விசயத்துலயே பொய் சொல்றவரு மத்த விசயத்துல என்னென்ன சொல்லியிருப்பாரு?"ன்னு கேட்டேன். நியாயம்தானே? அவன் அப்பா முகம் சுருங்கிப் போச்சு. பையன் ஏதோ சொன்னான், வெயில்ல சூடாகும், நாள் பூரா மேப் ஓடும், அதனால சீக்கிரம் தேஞ்சிரும்னு. டிக்கெட் இல்லாதவன் ஒவ்வொருத்தனும் ஒரு காரணம் வச்சிருப்பான் தம்பி. நான் எத்தனை கேட்டிருக்கேன்.

நீங்க என்ன சொல்றீங்க? வெயில்ல தேயுமா? வாத்தியார்னு சொன்னீங்களே, எந்தப் பாடம்? சயின்ஸா. சரி. சயின்ஸ் வேற, குடும்பம் வேற.

அத்தோட விட்டானா? போற நேரத்துல என் போனைப் பார்த்துட்டான். என் போனுக்கு நான் ஒரு உறை தச்சு வச்சிருக்கேன், இந்தா இதுதான். பழைய பனியன் துணி. கேமரா சும்மா இருக்கிற நேரத்துலயும் நம்மளைப் பார்த்துட்டே இருக்கும்னு ஒரு வீடியோ வந்துச்சு. அதனால பேசாத நேரத்துல இதுக்குள்ள விட்டு இறுக்கி நாடாவைக் கட்டிருவேன். அதை உருவி நான் சார்ஜ் போட்டுட்டு இருக்கேன். அப்பவே அது கொஞ்சம் மக்கர். ஒயரை ஒரு பக்கமா அழுத்திப் பிடிச்சாத்தான் ஏறும். இவன் கிட்ட வந்து, "மாமா, போர்ட்ல பஞ்சு அடைச்சிருக்கு. ஒரு குச்சி இருந்தாக் குடுங்க, ஒரு நிமிசத்துல எடுத்துடலாம்"னு கையை நீட்டுறான். இம்புட்டு அவமானம் பண்ணியிருக்கேன், எனக்கு உதவி பண்ண வர்றான்னா நம்ப முடியுதா? வெடுக்குன்னு பிடுங்கிக்கிட்டேன். ஆனா ஒரு செகண்டு அவன் விரல் பட்டுருச்சு.

அதுலருந்துதான் தம்பி. அதுலருந்துதான் போன் படுக்க ஆரம்பிச்சுது. முதல்ல ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி ஏத்தினேன். அப்புறம் ஒயரு மேல அரிசிப் படியைத் தூக்கி வச்சேன். சரோஜா, "போனுக்குச் சார்ஜ் போடுறீங்களா பிரசவம் பார்க்கிறீங்களா"ன்னு கேட்டா. பழசாயிட்டா கம்பெனிக்காரனே எங்கயோ இருந்து அடைச்சுவிடுறானோன்னும் ஒரு யோசனை. ஆனா அந்தப் பையன் விரல் பட்டதை மறக்க முடியலை. கடையில குடுத்துப் பார்க்கலாம்னா, அந்தக் கடைக்காரருக்கும் கம்பத்துல சொந்தம் இருக்காம். எல்லாரும் ஒரு கூட்டம்.

ஆண்டிபட்டி வந்துருச்சா. இங்க டீ நல்லா இருக்கும், இவன் நிப்பாட்ட மாட்டான்.

கேளுங்க. நான் வேண்டாம்னு சொன்ன சம்பந்தம். ஆனா வினோதினி அவனைத்தான் கட்டிக்குவேன்னு நின்னுட்டா. எனக்கே போன் பண்ணிச் சொன்னா. கோயம்புத்தூர்ல வேலை பார்க்கிறா, நாலு காசு பார்த்தவ, தைரியம் இருக்கத்தானே செய்யும். "மாமா, நீங்க எத்தனை நம்பர் வேணும்னாலும் பாருங்க. அவரு அன்னைக்கு அம்புட்டு அசிங்கப்பட்டும் வெளிய வந்து என்கிட்ட உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசலை. எனக்கு அது போதும்"னா. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்குக் காது குத்தினது என் மடியில வச்சுத்தான். ஊசியைப் பார்த்துட்டு என் சட்டைக் காலரைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா, பிரிக்கவே முடியலை.

கோவத்துல நானும் ஒண்ணு சொல்லிட்டேன். "சரி தாயி, பண்ணிக்க. ஆனா நான் வரணும்னா உங்க அம்மா வந்து கூப்பிடக் கூடாது, பத்திரிகை தாம்பூலம் எதுவும் எனக்கு வேண்டாம். நீ கூப்பிடணும். உன் வாயால, போன்ல, மாமா வாங்கன்னு கூப்பிடணும். கூப்பிட்டா வருவேன், இல்லைன்னா இல்லை"ன்னு வச்சுட்டேன். சரிங்க மாமான்னு அவ சொன்ன மாதிரி இருந்தது. நான் அதுக்குள்ள கட் பண்ணிட்டேன்.

அக்கா இந்திராணி முதல் பத்திரிகையை எடுத்துட்டு எங்கிட்டத்தான் வந்தா. தாய்மாமன் வீட்டுக்குத்தானே முதல்ல வைக்கணும். தட்டுல வெத்தலை, பழம், வேட்டி. நான் தட்டைத் தொடலை. "அவ கூப்பிடட்டும்"னேன். அக்கா அழுதுட்டே போனா. பந்தக்கால் நட்டாச்சுன்னா பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாது, நேர்ல வர முடியாது. போன்ல கூப்பிட என்ன தடை? எதுவும் இல்லை.

புதன்கிழமை காலையில சரோஜா கிளம்பிட்டா. "எனக்கு நாத்தனார் வீட்டுக் கல்யாணம். நீங்க உங்க வீம்பைக் கட்டிக்கிட்டு இருங்க"ன்னு பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்குச் சாயங்காலம் போன் அணைஞ்சு போச்சு. அப்புறம் எந்திரிக்கவே இல்லை. அரிசிப் படி வச்சேன், அம்மிக் குழவி வச்சேன், ம்ஹூம்.

புதன் ராத்திரி காத்திருந்தேன். வியாழன் பூரா காத்திருந்தேன். ஒரு போன் வரலை.

என்ன தம்பி பார்க்கிறீங்க? செத்த போன்ல எப்படி வரும்னா? அட, வரணும்னு நினைச்சா வேற வழியா இல்லை? ஒரு ஆளை அனுப்பக் கூடாதா? ஒரு பிள்ளை வந்து கதவைத் தட்டி, மாமா, அக்கா கூப்பிடுதுன்னு சொல்லக் கூடாதா? அதைத்தான் நான் கேக்கிறேன்.

ஆளா? வெள்ளிக்கிழமை ஒருத்தன் வந்தான். அது வேற சமாச்சாரம். அதை உங்ககிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு தெரியலை. சரி, சொல்றேன். மத்தியானம் ரெண்டு மணி வெயிலு. வாசல் கேட்டுக்குப் பக்கத்துல ஒரு பைக் நிக்குது. கதவைத் தட்டுறான். ஜன்னல் இடுக்குல பார்த்தா தலையில ஹெல்மெட். கண்ணாடியைக்கூடத் தூக்கலை. பைக்குல நம்பர் பிளேட்டுல பூரா வயக்காட்டு மண்ணு. நான் திறப்பேனா? வீட்டை நோட்டம் பார்க்கிற கும்பல் இப்படித்தான் வரும்னு நான் படிச்சிருக்கேன். கால் மணி நேரம் நின்னான். சார் சார்னு கூப்பிட்டிருந்தாலாவது சரி, மாமா மாமாங்கிறான். யாருக்கு யாரு மாமா? அப்புறம் கேட்டுல ஒரு பையை மாட்டிட்டுப் போயிட்டான். வீட்டுக்கு அடையாளம் வச்சுட்டுப் போறானாம்.

அவன் போன பிறகு கம்பால எடுத்துப் பார்த்தேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? ஒரு புது ஒயரு. அப்புறம் பல்குத்துற குச்சி ஒரு டப்பா. இதுக்கு என்ன அர்த்தம்? ஒயரால கழுத்தை இறுக்கிருவேன், குச்சியால கண்ணைக் குத்திருவேன்னு சொல்றானா? ரெண்டு நாளா இதே யோசனைதான். மதுரையில எனக்குத் தெரிஞ்ச ஏட்டு ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்டக் காட்டலாம்னு சாட்சிக்குக் கையோட எடுத்துட்டு வந்திருக்கேன். இந்தா, இந்தப் பைதான். விரல் ரேகை அழியாம ஓரமாப் பிடிங்க.

ஏன் சிரிக்கிறீங்க?

ஏன் தம்பி, நான் என்ன சொல்லிட்டேன்னு இப்படிச் சிரிக்கிறீங்க?

என்னது, இது என் போனுக்கு ஏத்த ஒயரா? உங்க பெட்டியில இருக்கிற ஒயரு தடிச்ச வாய், அது இதுல சேராது, எனக்கும் தெரியும். இது சின்ன வாய்தான். ஆமா. அதுக்காக? குடுங்க தம்பி, போனைக் குடுங்க. என்ன பண்றீங்க? அந்தக் குச்சியை எதுக்கு எடுக்கிறீங்க? உள்ள விடாதீங்க. ஏற்கனவே ஒருத்தன் கையை வச்சு...

என்ன அது?

இம்புட்டுமா?

என் பனியனா? ஆமா, அது என் பனியன் பஞ்சுதான். அதே வெள்ளை. அமுக்கி அமுக்கித் திணிச்ச மாதிரி வருதே. எலி கூடு கட்டினாக்கூட இம்புட்டு இருக்காதே. நான் ஒயரைச் சொருகுறப்பல்லாம் உள்ள தள்ளியிருக்கேனா. நானேவா?

அதை மாட்டாதீங்க. அந்த ஒயரு யாரோடதுன்னு... ஏறுதா? ஏறுதுங்கிறீங்க? எங்க காட்டுங்க. சிவப்புக் கோடு. ஏறுது தம்பி. படி வைக்காம ஏறுது.

"ஒரு குச்சி இருந்தாக் குடுங்க மாமா"ன்னு அன்னைக்குக் கேட்டான். ஒயரு. குச்சி. மாமா மாமான்னு கூப்பிட்டான். வயக்காட்டு மண்ணு ஒட்டின வண்டி.

கொஞ்சம் இருங்க தம்பி. தண்ணி இருக்கா? இல்லை, இல்லை, எங்கிட்டயே இருக்கு. பரவாயில்லை, உங்க பாட்டிலையே குடுங்க.

அவனுக்கு நாளைக்கழிச்சுக் கல்யாணம்னு இருக்கிறப்ப அந்த வெயில்ல கம்பத்துல இருந்து வந்து என் கேட்டுல கால் மணி நேரம் நின்னிருக்கான். நான் ஜன்னல் இடுக்குல கம்பைப் பிடிச்சுட்டு நின்னு பார்த்துட்டு இருந்திருக்கேன். ஹெல்மெட்டை ஏன்டா கழட்டலை? கழட்டியிருந்தா மட்டும் திறந்திருப்பேனா. திறந்திருக்க மாட்டேன். சொல்லணும்ல உண்மையை.

எந்திரிச்சுருச்சு. ஆப்பிள் படம் வந்துருச்சு. இருங்க, பூட்டு நம்பரை நான்தான் போடணும். நீங்க அங்க என்ன அமுக்கிப் பார்க்கிறீங்க? ஹெல்த்தா? அதை ஏன் இப்ப... எம்புட்டு? எழுபத்தொண்ணா. என்னுதா எழுபத்தொண்ணு? நான் வாங்குனப்பத் தொண்ணூறு இருந்துச்சே. எல்லாரோடதையும் பார்த்தேன், அதுக்கப்புறம் என்னுதை நான் பார்க்கவே இல்லை. அவனுதைவிடக் கம்மி. யாருகிட்டயும் சொல்லிறாதீங்க.

சத்தம் நிக்க மாட்டேங்குதே. என்ன இத்தனை மெசேஜு? நீங்களே படிங்க, எனக்குக் கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியலை. மிஸ்டு கால் எத்தனை? நாப்பத்தி மூணா. யாரு? எல்லாமே அவளா. புதன்கிழமையில இருந்தா. இன்னைக்குக் காலையில கூடவா, அஞ்சரைக்கா?

பேசி அனுப்பியிருக்காளா? போடுங்க. சத்தமாப் போடுங்க, எவன் கேட்டா என்ன.

"மாமா, நான் வினோதினி. நீங்க சொன்ன மாதிரி என் வாயால கூப்பிடுறேன், வாங்க மாமா. உங்க போன் சார்ஜ் ஏறாம மக்கர் பண்ணுதுன்னு அத்தை சொன்னாங்க. அவரு ஒயர் கொண்டாந்தாராம், நீங்க ஆளு யாருன்னு தெரியாம திறந்திருக்க மாட்டீங்க. குச்சியால சுத்தம் பண்ணிட்டு மாட்டிப் பாருங்க மாமா. இதைக் கேட்டாப் போதும். நீங்க வந்து கையைப் பிடிச்சாத்தான் நான் மணவறை ஏறுவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

இன்னொரு தடவை போடுங்க.

"ஆளு யாருன்னு தெரியாம"ங்கிறா. பாருங்க, எனக்கு அவளே ஒரு காரணம் எழுதிக் குடுத்துட்டா. டிக்கெட் இல்லாதவனுக்கு அவளே டிக்கெட் போட்டுக் குடுக்கிறா. நான் யோக்கியன்னு இத்தனை வருசமா சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

மணி என்ன? எட்டு அஞ்சு. இது எந்த இடம்? கணவாய் ஏறிட்டு இருக்கோம். இங்க எறங்கினா எதிர்ல தேனி வண்டி எட்டே காலுக்கு வரும், இந்த ரூட்டு எனக்கு மனப்பாடம். கை காட்டினா நிக்க மாட்டான். நான் காட்டினா நிப்பான். தேனி ஒம்பது. உத்தமபாளையம் பத்து. முடியும். பத்தரைக்கு முடியும் தம்பி.

கூப்பிடுங்க. அவளைக் கூப்பிடுங்க. போட்டு எங்கிட்டக் குடுங்க.

தாயி? நான்தான். மாமாதான். அழாத. மை கலைஞ்சிரும், அழாத. வாரேன். பஸ்ஸுல இருக்கேன். எங்கயா? வந்துட்டே இருக்கேன், அதை விடு. கேட்டுட்டேன், நீ கூப்பிட்டதை இப்பத்தான் கேட்டேன். புடவை எங்கிட்டத்தான் இருக்கு, மாம்பழக் கலர், நீ சின்னதுல கேப்பியே. அதைக் கட்டிட்டுத்தான் ஏறணும். அவரு பக்கத்துல இருக்காரா? இல்லையா, சரி. அவருகிட்டச் சொல்லு. ஒயரு நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லு. அது மட்டும் சொன்னாப் போதும், புரிஞ்சுக்குவாரு. வச்சிரு, மூணு பெர்சன்ட்டுதான் இருக்கு.

கண்டக்டரு. ஹோல்டான். ஓரமா நிப்பாட்டச் சொல்லுப்பா. ஸ்டாப்பிங் இல்லைன்னு எனக்குத் தெரியும், இந்தச் சட்டத்தை எழுதாத குறையா நான் காவல் காத்திருக்கேன். பழைய செக்கிங், ஞானசேகரன். நிப்பாட்டு.

தம்பி, இந்தாங்க உங்க பவர் பேங்க் பெட்டி. ஒயரைக் கழட்டிக்கிறேன். என்ன? வச்சுக்கிறதா? பெட்டியையா? மூணு பெர்சன்ட்டு வச்சுட்டு உத்தமபாளையம் வரைக்கும் எப்படிப் போவீங்கன்னு கேக்கிறீங்க, அது சரிதான். வழியில அவ கூப்பிட்டா எடுக்கணுமே. ஆனா இது உங்க சொந்தப் பெட்டியாச்சே. என்னை உங்களுக்குத் தெரியாது. நான் எங்க இருக்கேன்னு தெரியாது. முக்கால் மணி நேரமா ஊரையெல்லாம் திருடன்னு சொல்லிட்டு வந்த ஆளு நான். நான் கேக்கக்கூட இல்லையே தம்பி.

பெட்டியைத் திருப்பிக் குடுக்க உங்க போன் நம்பரை எழுதிட்டீங்களா. எதுல எழுதினீங்க? அட, உங்க டிக்கெட்டுல எழுதிக் குடுத்துட்டீங்களே. இதை எங்கிட்டக் குடுத்துட்டு நீங்க மதுரைக்கு எப்படிப் போவீங்க? உசிலம்பட்டியில கண்டிப்பா செக்கிங் ஏறுவான். அது என்னோட பழைய இடம்.

இந்தாங்க, என் டிக்கெட்டு. மதுரை வரைக்கும் இருக்கு. ஒருத்தன் டிக்கெட்டை இன்னொருத்தன் வச்சுப் போறது தப்பு, இதுக்காக எத்தனையோ பேரை எறக்கிவிட்டிருக்கேன். பிடிங்க. அவன் வந்து இது யாரு குடுத்ததுன்னு கேட்டா, ஒரு கிறுக்கன் கல்யாணத்துக்குப் போற அவசரத்துல குடுத்துட்டு எறங்கிட்டான்னு உள்ளதைச் சொல்லுங்க. நம்ப மாட்டான். நானா இருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பையைப் பிடிச்சுக் கீழ குடுங்க. புடவை பத்திரம். ஆச்சு, எறங்கிட்டேன்.

ரைட். ரைட். போகலாம்.